வீட்டுக்காரருக்கு வேண்டிய இன்ஷ்யூரன்ஸும் வேண்டாத இன்ஷ்யூரன்ஸும்

தனி ஒருவனால் தாங்கமுடியாத சுமையைப் பலர் கூடிப் பங்கிட்டுக்கொண்டால் அது எளிதாகிவிடும் என்பதே கூட்டுறவு இயக்கத்தின் அஸ்திவாரம். 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்ட காலந்தொட்டுக் கிராமவாசிகளுக்குப் போதிக்கப்பட்டு வருவதும் இதுவே. இன்ஷ்யூரன்ஸ் என்பது இதே தத்துவத்தின் மற்றோர் உருவமாகும். ஆயிரம் வீடுகள் உள்ள ஒரு பிரதேசத்தில் வருஷத்துக்கு ஒரு வீடு தீக்கிரையாகி, அதைத் திரும்பக் கட்ட ஐந்து லக்ஷம் ரூபாய் செலவாகிறதென்று வைத்துக்கொள்வோம். அந்த நஷ்டம் ஒரே குடும்பத்தின் தலையில் விழுமாயின் அக்குடும்பம் நாசமாகும். ஆயிரம் வீட்டுக்காரரும் தலைக்கு ஐந்நூறு ரூபாய் முன்கூட்டியே கொடுத்து வைத்திருப்பின், ஒருவரும் நலிவடையாமல் வீடு மீண்டும் எழும்பும். இவ்வைந்நூறு ரூபாய்க்கே பிரிமியம் என்று பெயர். அதை வசூலித்து வைத்திருந்து நஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கும் ஸ்தாபனமே இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி.

இத்தத்துவம் எளிதாயினும், அதை அனுசரிப்பதில் கிராமவாசிகள் இருவகையாகத் தவறுகின்றனர். ஒரு சாரார் இன்ஷ்யூரன்ஸே வேண்டாமென்று இருந்துவிடுகின்றனர். குடும்பத் தலைவர் இறந்த பின்னர் அவருடைய கடனுக்காக வீடும் மனையும் விலைப்படுகின்றன. மற்றொரு சாரார் ஏஜெண்டின் பேச்சுக்கு இணங்கி, வேண்டாத பாலிசிகள் நான்கைந்தை எடுத்து, பிரிமியம் கட்டுவதற்கென்றே சங்கத்தில் கடன் வாங்குகின்றனர். சொந்த வீடுள்ள ஒருவர் எவ்வகை இன்ஷ்யூரன்ஸை முதலில் எடுக்கவேண்டும், எதை அடுத்தபடியாக எடுக்கவேண்டும், எதை அடியோடு விலக்கவேண்டும் என்பதை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

மூன்று கேள்விகள்

எந்தப் பாலிசியைப்பற்றியும் முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

முதலாவது: இந்த நஷ்டம் நேர்ந்தால் குடும்பம் தன் கையிருப்பைக்கொண்டு சமாளிக்க முடியுமா? முடியுமாயின் இன்ஷ்யூரன்ஸ் அவசியமில்லை. கைபேசியின் கண்ணாடி உடைவதும், மின்விசிறி பழுதாவதும் வருத்தந்தரும் செலவுகளே; ஆயினும் அவற்றால் எந்தக் குடும்பமும் அழிந்ததில்லை. இத்தகைய சிறு செலவுகளுக்குச் சங்கத்தில் ஒரு சேமிப்புக் கணக்கே போதும்.

இரண்டாவது: இந்த நஷ்டத்துக்கு ஏற்கெனவே வேறு வழியில் பாதுகாப்பு இருக்கிறதா? சர்க்காரின் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் குடும்பம் அதை அறியாமலே தனிப் பாலிசிக்குப் பணம் கட்டுவதுண்டு. உள்ளதை முதலில் கணக்கெடுத்த பின்னரே இல்லாததைத் தேடவேண்டும்.

மூன்றாவது: கொடுக்கும் பணத்தில் எவ்வளவு பாதுகாப்புக்கு, எவ்வளவு சேமிப்புக்கு? இரண்டையும் ஒன்றாகக் கலந்து விற்கும் பாலிசிகளில் பிரிமியம் பெரிதாகவும் பாதுகாப்பு சிறிதாகவும் இருக்கும். சேமிப்புக்குச் சங்கமும் தபாலாபீஸும் பாங்கியும் இருக்கின்றன. இன்ஷ்யூரன்ஸிடம் கேட்கவேண்டியது பாதுகாப்பு ஒன்றையே.

முதலாவது வேண்டியது: சம்பாதிப்பவரின் உயிர்மீது பாலிசி

வீட்டைக் காட்டிலும் விலை மதிக்கத்தக்கது அவ்வீட்டில் சம்பாதிப்பவரின் உழைப்பு. ஆகையால் முதற்பாலிசி அவர் உயிர்மீதே இருக்கவேண்டும். குழந்தையின் பெயரில் பாலிசி எடுத்துவிட்டுத் தகப்பனார் தம் உயிரை இன்ஷ்யூர் செய்யாமல் விடுவது, பயிருக்கு வேலியிட்டுக் கிணற்றைத் தூர்ப்பதற்கு ஒப்பாகும். குழந்தைக்கு உணவளிப்பது தகப்பனாரின் வருமானமேயன்றிக் குழந்தையின் பாலிசி அன்று. தாயார் கூலிக்குச் சென்றோ கறவை மாடு வைத்தோ சம்பாதிப்பாராயின் அவர் உயிர்மீதும் பாலிசி அவசியமே.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதை ஏஜெண்டு முடிவு செய்யலாகாது. குடும்பமே கணக்கிட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய் செலவாகிறது. இளைய குழந்தை தன் காலில் நிற்க இன்னும் 10 வருஷங்கள் ஆகும். கடன் 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவுக்கு 12,00,000 ரூபாயும் கடனுக்கு 2,00,000 ரூபாயும் ஆக 14,00,000 ரூபாய் தேவைப்படும். நிலவருமானம், மனைவியின் சம்பாத்தியம், சேமிப்பு ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவதே இன்ஷ்யூர் செய்யவேண்டிய தொகை.

உயிர்ப் பாலிசிகளில் இரண்டு ரகங்கள் முக்கியமானவை. ஒன்று குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணங்கொடுப்பது. இதற்கு டெர்ம் பாலிசி என்று பெயர். மற்றொன்று, உயிரோடிருந்தாலும் காலம் முடிந்ததும் பணந்தருவது. இது எண்டோமென்ட் எனப்படும். காலம் முடிந்து உயிரோடிருந்தால் டெர்ம் பாலிசியில் ஒன்றும் திரும்ப வராதே என்று பலர் தயங்குகின்றனர். காவற்காரனுக்குச் சம்பளம் கொடுத்த வருஷத்தில் திருட்டு நடவாவிடின், சம்பளம் வீணாயிற்று என்று எவரும் சொல்வதில்லை. ஒரே தொகையை இன்ஷ்யூர் செய்ய எண்டோமென்டுக்கு வேண்டிய பிரிமியத்தில் சிறு பகுதியே டெர்ம் பாலிசிக்குப் போதும். சொற்ப வருமானமுள்ளவர் எண்டோமென்டை நாடினால் கட்ட முடிந்த பிரிமியத்துக்கு ஒன்றிரண்டு லக்ஷத்துக்கே பாலிசி கிடைக்கும். அது கடனை அடைக்கவும் போதாது. மழை பொய்த்த வருஷத்தில் பிரிமியம் நின்று போனாலோ, கட்டிய பணத்திலும் ஒரு பகுதி குறையும்.

மத்திய சர்க்கார் 2015-ஆம் வருஷம் மே மாதத்தில் ஆரம்பித்த பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா கிராமவாசிகள் யாவரும் அறிந்திருக்கவேண்டிய திட்டமாகும். 18 முதல் 50 வயது வரையிலுள்ளோர் பாங்கி அல்லது தபாலாபீஸ் கணக்கின் மூலம் இதில் சேரலாம். தொடர்ந்து கட்டிவருவோருக்கு 55 வயது வரை பாதுகாப்பு நீடிக்கும். 2022 ஜூன் முதல் வருஷப் பிரிமியம் 436 ரூபாய். எக்காரணத்தால் இறந்தாலும் 2,00,000 ரூபாய் கிடைக்கும். எனினும் புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணம் தவிர மற்றவற்றுக்குப் பணமில்லை. பாதுகாப்பு வருஷம் ஜூன் 1-ஆம் தேதி தொடங்கி மே 31-ஆம் தேதி முடிகிறது. மே மாதக் கடைசியில் கணக்கில் பணமில்லையேல் பிரிமியம் பிடிக்கப்படாமல் பாதுகாப்பு நின்றுபோகும். ஒருவர் எத்தனை கணக்குகள் வைத்திருப்பினும் ஒன்றின் மூலமே சேர முடியும். இரண்டில் பிரிமியம் கட்டினாலும் கிடைப்பது 2,00,000 ரூபாயே.

இத்திட்டம் ஆரம்பப் படியேயன்றி முழுப் பாதுகாப்பு ஆகாது. மேற்கண்ட உதாரணக் குடும்பத்துக்கு இது கடனை மட்டுமே அடைக்கும். எஞ்சிய தேவைக்குத் தனி டெர்ம் பாலிசியை யோசிக்கவேண்டும். 1995 முதல் நடந்துவரும் கிராமிய தபால் ஆயுள் இன்ஷ்யூரன்ஸும், 1956-இல் தோன்றிய ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷனும், பிற கம்பெனிகளும் தரும் விகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். தனிநபர் உயிர்ப் பாலிசிக்கும் வைத்தியப் பாலிசிக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது: விபத்து

குடியானவரின் தொழில் அபாயம் நிறைந்தது. மரமேறுதல், கிணற்றில் இறங்குதல், மோட்டாரைத் தொடுதல், இரவில் வரப்பில் நடத்தல் ஆகிய எல்லாவற்றிலும் அபாயமுண்டு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் வருஷத்துக்கு 20 ரூபாய் பிரிமியத்தில் சேரலாம். விபத்தில் இறந்தாலும், இரு கண்களையோ இரு கைகால்களையோ முற்றும் இழந்தாலும் 2,00,000 ரூபாய். ஒரு கண்ணையோ ஒரு கையையோ ஒரு காலையோ இழந்தால் 1,00,000 ரூபாய்.

சாலை விபத்துக்குப் போலீஸ் தகவலறிக்கை வேண்டும். பாம்புக் கடியும் மரத்திலிருந்து விழுதலும் இத்திட்டத்தில் அடங்குவனவே. ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு ஆஸ்பத்திரிப் பதிவு இருக்கவேண்டும். மந்திரிப்பவரிடம் காலங்கடத்தி வீட்டிலேயே உயிர் போனால், உயிரும் போய், பணம் பெறுவதற்கு வேண்டிய அத்தாட்சியும் இல்லாமற்போகும். இருபது ரூபாய்த் திட்டத்தில் குடும்பத்தின் வயது வந்தோர் அனைவரும் சேர்ந்திருக்கவேண்டும் என்பதில் ஆக்ஷேபம் இருக்க முடியாது.

மூன்றாவது: வியாதி

சொந்த வீடுள்ள குடும்பங்களை அடமானத்துக்குத் தள்ளும் காரணங்களில் பெரியதொன்று ஆஸ்பத்திரிச் செலவு. தமிழ்நாட்டில் 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைபெற்று வருகிறது; 2018 முதல் அது மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்துள்ளது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 5,00,000 ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு, பிரிமியம் கட்டவேண்டியதில்லை. இதற்குக் கிராம நிர்வாக அதிகாரியின் வருமானச் சான்று அவசியம். 2024 அக்டோபர் முதல் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பின்றியே ஆயுஷ்மான் பாரத்தில் இடமுண்டு. வீட்டில் வியாதி வந்த பின்னர் அட்டை தேடி அலைவதைவிட, நல்ல நாளிலேயே குடும்பத்தார் அனைவருடைய பெயரும் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்துவைத்தல் புத்திசாலித்தனம்.

இத்திட்டத்தில் சேரத் தகுதியில்லாதோர் தனி வைத்தியப் பாலிசி எடுப்பது அவசியம். அப்போது கவனிக்கவேண்டியவை மூன்று. ஏற்கெனவே உள்ள நீரிழிவு, ரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு எத்தனை காலம் காத்திருக்கவேண்டும் என்பது ஒன்று. 2024-இல் வந்த விதிகளின்படி இது 3 வருஷங்களுக்கு மேற்படலாகாது. அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பது இரண்டாவது. தினம் 3,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 6,000 ரூபாய் அறையில் தங்கினால், கம்பெனி வாடகையை மட்டுமன்றி வைத்தியரின் கட்டணம் போன்ற இதர செலவுகளையும் பாதியாகக் குறைத்துக் கொடுக்கக்கூடும். அருகிலுள்ள பட்டணத்தில் எந்த ஆஸ்பத்திரி கம்பெனியோடு சம்பந்தப்பட்டிருக்கிறது என்பது மூன்றாவது.

நான்காவது: வீடு

வாழ்நாள் உழைப்பெல்லாம் சுவராகவும் கூரையாகவும் நிற்கும் வீட்டை இன்ஷ்யூர் செய்யும் வழக்கம் கிராமங்களில் அரிது. 2011 டிசம்பரில் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயலையும், 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தை அடுத்துக் கரையேறிய கஜா புயலையும் கண்டவர்கள், ஓரிரவில் ஓடும் கூரையும் பறப்பதை அறிவார்கள்.

சர்க்கார் நிவாரணம் கொடுக்குமே என்று சிலர் சொல்வர். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்த விதிகளில், சமவெளியில் முற்றும் அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாயும், அழிந்த குடிசைக்கு 8,000 ரூபாயும், ஓரளவு சேதமான கட்டுக்கோப்பான வீட்டுக்கு 6,500 ரூபாயும் குறிக்கப்பட்டன. இந்நிவாரணம் அவசரத்துக்கு உதவுமேயன்றி வீட்டைத் திரும்பக் கட்டித் தராது. கிராமத்தில் வீடு கட்ட 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீடொன்றுக்கு 3,50,000 ரூபாய் ஒதுக்கப்பட்டதோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். அன்றியும், ஊர் முழுவதையும் தாக்காமல் ஒரே வீட்டைப் பற்றிய தீக்குப் புயல் நிவாரணம் போன்ற பெருந்தொகையை எதிர்பார்ப்பதற்கில்லை.

2021 ஏப்ரல் 1 முதல் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை அளிக்கின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம், நிலச்சரிவு, கலகம், வாகனம் மோதுதல், தண்ணீர்த் தொட்டி வெடித்தல் முதலியவற்றால் நேரும் நஷ்டம் இதில் அடங்கும். பத்து வருஷம் வரை சேர்த்தே எடுக்கலாம்.

இன்ஷ்யூர் செய்யவேண்டியது கட்டிடத்தைத் திரும்பக் கட்டும் செலவையேயன்றி மனையின் விலையையன்று. வெள்ளமும் தீயும் மனையைக் கொண்டுபோவதில்லை. உட்புறப் பரப்பு 600 சதுர அடியும், சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு 1,800 ரூபாயும் ஆயின், 10,80,000 ரூபாய்க்கு இன்ஷ்யூர் செய்யவேண்டும். வீட்டையும் சாமான்களையும் சேர்த்து எடுக்கும்போது, சாமான்களுக்குக் கட்டிடத் தொகையில் 20 சதவிகிதம், உச்சவரம்பு 10,00,000 ரூபாய்க்கு உட்பட்டு, தனி ஜாபிதா இன்றியே சேரும்; இவ்வுதாரணத்தில் அது 2,16,000 ரூபாய்.

பழைய தீப் பாலிசிகளில் ஒரு கடுமையான ஷரத்து உண்டு. பத்து லக்ஷம் பெறுமான வீட்டை ஐந்து லக்ஷத்துக்கு இன்ஷ்யூர் செய்து, இரண்டு லக்ஷத்துக்குச் சேதமானால், ஒரு லக்ஷமே கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதாசாரக் குறைப்பு நீக்கப்பட்டிருக்கிறது. எனினும் வீடு முற்றும் அழிந்தால் பாலிசித் தொகைக்கு மேல் கிடையாது. ஆகையால் தொகையைக் குறைத்துக் காட்டுவது லாபமன்று.

இதில் அடங்காதவையும் உண்டு. கறையான் அரிப்பு, பழமையால் ஏற்படும் தேய்வு, வேண்டுமென்றே செய்த சேதம் ஆகியவற்றுக்குப் பணமில்லை. சாதாரணத் திருட்டும் இதில் சேராது; தீ, வெள்ளம் போன்ற இடர் நேர்ந்து அதைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டே சேரும். நகைகளுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்கவேண்டும். நகையை வீட்டில் வைத்து இன்ஷ்யூர் செய்வதிலும் பாங்கிப் பெட்டகத்தில் வைப்பது பலருக்குச் சிக்கனமாகும். கூரை வீட்டுக்குக் கம்பெனி என்ன விகிதம் கேட்கிறது, ஏற்றுக்கொள்கிறதா என்பதை எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டவேண்டும்.

வீட்டுக் கடனும் மனைவி மக்களின் பாதுகாப்பும்

வீடு கட்டக் கடன் வாங்கும்போது, கடனாளி இறந்தால் பாக்கியைக் கட்டும் பாலிசி ஒன்றைக் கடனோடு சேர்த்து விற்பது வழக்கம். இதன் பிரிமியம் மொத்தமாகக் கடனிலேயே சேர்க்கப்பட்டால் அதற்கும் வட்டி ஏறும். கடன் குறையக் குறையப் பாதுகாப்பும் குறையும். கடனையும் குடும்பச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட டெர்ம் பாலிசி முன்பே இருக்குமாயின் இது தேவையில்லை. வேறு பாலிசி யாதொன்றும் இல்லாதவருக்கு, அதிலும் வயது முதிர்ந்தவருக்கு, இது பயன்படலாம்.

கடனுள்ளவர்கள் அவசியம் அறியவேண்டிய சட்டம் ஒன்றுண்டு. 1874-ஆம் வருஷத்து விவாகமான ஸ்திரீகளின் சொத்துச் சட்டம் 6-ஆவது பிரிவின்படி, கணவர் தம் உயிர்மீது எடுக்கும் பாலிசியை மனைவி மக்களின் நன்மைக்கென்று எடுத்ததாக அதிலேயே குறித்துவிட்டால், அத்தொகை அவர்களுக்கான தர்மகர்த்தா சொத்தாகும். கணவரின் கடன்காரர்கள் அதன்மேல் கைவைக்க இயலாது. சென்னை மாகாணத்து இந்துக்கள், முஸ்லிம்கள் முதலியோருக்கு 1913 டிசம்பர் 31-க்குப்பின் எடுத்த பாலிசிகள் விஷயத்தில் இது செல்லுமென்று 1923-இல் ஒரு திருத்தச் சட்டம் தெளிவாக்கிற்று. இதைப் பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுக்கவேண்டும். பின்னர் அந்தப் பாலிசியின்மேல் கணவர் தம் இஷ்டப்படி கடன் வாங்கவோ அதை ரத்து செய்யவோ முடியாது என்பதையும் யோசித்தே செய்யவேண்டும்.

வாகனம், பயிர், கால்நடை

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் பிறருக்கு நேரும் தீங்குக்கான இன்ஷ்யூரன்ஸ் எடுப்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். இது போலீஸாருக்காக மட்டும் எடுப்பதன்று. பாலிசியில்லாத வண்டி ஒருவர்மேல் மோதி உயிர் போனால், கோர்ட்டு விதிக்கும் நஷ்ட ஈட்டுக்கு வண்டிக்காரரின் வீடே பொறுப்பாகும். பழைய வண்டியின் சொந்தச் சேதத்துக்கு எடுக்கும் பாலிசி அவரவர் சௌகரியம்.

பயிருக்கு 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பசல் பீமா யோஜனாவில் குடியானவர் பங்கு காரிப் பருவ உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் 2 சதவிகிதம், ராபிக்கு 1.5 சதவிகிதம், வருஷாந்தர வர்த்தகப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5 சதவிகிதம். இவற்றுக்கு மேற்பட்ட பிரிமியத்தைச் சர்க்கார்கள் ஏற்கின்றன. 2020 முதல் கடன் வாங்கியோருக்கும் இது கட்டாயமன்று. விருப்பத்தைக் காலத்தில் தெரிவிக்கவேண்டும். கறவை மாட்டை இன்ஷ்யூர் செய்தால் காதிலுள்ள வில்லையைக் கண்போல் காக்கவேண்டும். வில்லையில்லாத மாட்டுக்குப் பணம் பெறுவது அரிது.

விலக்கவேண்டியவை

சம்பாதிப்பவருக்குப் பாலிசி இல்லாத வீட்டில் குழந்தையின் பெயரில் எடுக்கும் எண்டோமென்ட். கைபேசி, மின்சாமான் முதலியவற்றுக்கு எடுக்கும் சிறு பாலிசிகள். புற்றுநோய்க்கு ஒன்று, இருதயத்துக்கு ஒன்று என்று பொது வைத்தியப் பாலிசி இல்லாமலே எடுப்பவை. உறவினரான ஏஜெண்டின் முகதாக்ஷிண்யத்துக்காக எடுப்பவை ஆகிய இவை யாவும் விலக்கத்தக்கவை. முதல் பிரிமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன் என்னும் ஏஜெண்டின் வார்த்தையை நம்பலாகாது. 1938-ஆம் வருஷத்து இன்ஷ்யூரன்ஸ் சட்டம் 41-ஆவது பிரிவு அதைக் குற்றமாக்கியிருக்கிறது.

முன்னமே எண்டோமென்ட் எடுத்துவிட்டவர்கள் அவசரப்பட்டு நிறுத்திவிடலாகாது. இப்போது நிறுத்தினால் கிடைக்கும் தொகை எவ்வளவு, பிரிமியம் கட்டாமல் குறைந்த தொகைக்கு நீடிக்க இயலுமா என்பவற்றைக் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு, புதுப் பாலிசி கைக்கு வந்த பிறகே பழையதைப்பற்றி முடிவு செய்யவேண்டும்.

விண்ணப்பத்திலும் தஸ்தாவேஜிலும் ஜாக்கிரதை

வெற்று விண்ணப்பத்தில் கையொப்பமிடலாகாது. வயது, வியாதி, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். உயிர்ப் பாலிசி 3 வருஷங்கள் நிறைந்த பின்னர் எக்காரணத்தாலும் கேள்விக்கு உள்ளாக்கப்படலாகாது என்பது இன்ஷ்யூரன்ஸ் சட்டம் 45-ஆவது பிரிவு. அதற்குள் இறந்தாலோ ஒளித்த விஷயம் குடும்பத்துக்கு வினையாக முடியும். பாலிசி கைக்கு வந்ததும் ஷரத்துக்களைப் படிக்கத் தெரிந்தவரைக்கொண்டு படித்துப் பார்க்கவேண்டும். பிடிக்காவிடின் 30 நாட்களுக்குள் உயிர்ப் பாலிசியைத் திருப்பிக்கொடுத்து, சிறு கழிவுகள் போகப் பணத்தைப் பெறலாம்.

பணம் பெற உரியவரின் பெயரைப் பதிவு செய்தல் முக்கியம். விவாகத்துக்குமுன் தாயார் பெயரைப் பதிந்தவர் விவாகத்துக்குப் பின்னர் அதைத் திரும்ப யோசிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாலிசி இருக்கும் விஷயம் மனைவிக்குத் தெரிந்திருக்கவேண்டும். பெட்டியின் அடியில் எவரும் அறியாமல் கிடக்கும் பாலிசியால் குடும்பத்துக்குப் பிரயோஜனமில்லை. பாலிசி எண், கம்பெனியின் பெயர், பிரிமியத் தேதி, ரசீது வைத்திருக்கும் இடம் இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தல் போதும்.

நஷ்டம் நேர்ந்தால்

வீடு சேதமானால் உடனே கம்பெனிக்கு அறிவித்து, இடிபாடுகளை அகற்றுமுன் புகைப்படம் எடுத்துவைத்து, தீயானால் தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையையும் பெறவேண்டும். கம்பெனி மறுத்தால், அல்லது எழுதிய புகாருக்கு ஒரு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டால், ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். 50,00,000 ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிப்பார். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. அவர் அளிக்கும் தீர்ப்புக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

ஒரு குடும்பத்தின் ஜாபிதா

கணவன், மனைவி, இரு குழந்தைகள் உள்ள குடும்பம் எங்கிருந்து தொடங்குவது? கணவன் மனைவி இருவருக்கும் ஜீவன் ஜோதிக்கு 872 ரூபாயும், சுரக்ஷா பீமாவுக்கு 40 ரூபாயும் ஆக வருஷத்துக்கு 912 ரூபாய். மாதத்துக்கு 76 ரூபாய். தகுதியிருந்தால் மருத்துவ அட்டைக்குப் பிரிமியமில்லை. இவ்வளவும் முடிந்த பின்னர் கையிலிருப்பதைக்கொண்டு முதலில் சம்பாதிப்பவருக்கு டெர்ம் பாலிசியும், அடுத்து வீட்டுப் பாலிசியும் எடுக்கவேண்டும். அதற்குமேல் மிஞ்சுவது சேமிப்புக்குப் போகட்டும்.

சங்கத்தின் கடமை

பஞ்சாயத்தார் இதில் செய்யத்தக்கது அதிகம். மே மாதத்தில் ஒரு கூட்டங்கூட்டி, அங்கத்தினர் கணக்குகளில் பிரிமியத்துக்குப் பணமிருக்கிறதா என்று நினைவூட்டலாம். கடன் விண்ணப்பத்தை விசாரிக்கும்போதே, இவர் இறந்தால் இக்கடனை யார் கட்டுவார் என்னும் கேள்வியை எழுப்பலாம். அங்கத்தினர் எவரேனும் இறந்தால், அவருக்குப் பாலிசி இருந்ததா என்று காரியதரிசி அக்குடும்பத்தாரைக் கேட்டு, விண்ணப்பம் எழுதிக்கொடுத்து உதவலாம். ஜாமீன்தாரருக்கும் இதில் சொந்த நலன் உண்டு. கடனாளி பாலிசியின்றி இறந்தால் பாக்கி அவர் தலையில் விழும்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது முன்னோர் வாக்கு. ஆனால் எங்கு வெள்ளம் வருமோ அங்கேயே அணை கோலவேண்டும்; ஊர் முழுவதும் கரை போட்டுக்கொண்டே போனால் விதைக்கப் பணமிராது. குடும்பத்தை அழிக்கக்கூடிய பெரிய நஷ்டங்களுக்கு இன்ஷ்யூரன்ஸையும், சிறிய நஷ்டங்களுக்குச் சங்கத்துச் சேமிப்பையும் நம்பியிருப்பவரின் வீடு, அவருக்குப் பின்னும் அவர் பிள்ளைகளுடையதாகவே இருக்கும்.